120-இல் மட்டும் வரும் உதறல்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து வடக்கே ஹைல்பிரான் போகும் ஏ81 நெடுஞ்சாலை. வேகக் கட்டுப்பாடு நீங்கும் பலகை வந்ததும் அண்ணன் வண்டியை மெல்ல ஏற்றினார். 100 வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. 110-இல் ஸ்டீயரிங்கின் விளிம்பில் ஒரு சிலிர்ப்பு. 120-இல் அது முழங்கை வரை ஏறியது. டாஷ்போர்டின் மேல் இருந்த மூக்குக்கண்ணாடி உறை தானாக ஓரத்துக்கு நகர ஆரம்பித்தது. 140-ஐத் தாண்டியதும் எல்லாம் அடங்கிவிட்டது.

"பாத்தியளோ தம்பி? உதுதான் நான் சொன்னது."

வண்டி போர்ஷே 944 எஸ்2. 1989 முதல் 1991 வரை வந்த மாடல். 3 லிட்டர், 4 சிலிண்டர், 211 குதிரைத்திறன். விளக்கைப் போட்டால் பானட்டிலிருந்து இரண்டு கண்கள் எழுந்து பார்க்கும். அண்ணன் 1980-களில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக ஜெர்மனிக்கு வந்தவர். ஹைல்பிரான் பக்கம் ஒரு கடைசல் பட்டறையில் கடைசி வரை லேத் ஓட்டி ஓய்வு பெற்றார். வந்த புதிதில் பஸ் ஜன்னல் வழியே பார்த்து ஆசைப்பட்ட கார் இது. வாங்க முடிந்தது ஓய்வுக்குப் பிறகுதான். நான் கோயம்புத்தூர்க்காரன், வண்டிகளின் அதிர்வை அளப்பதே வெகுகாலம் என் வேலையாக இருந்தது. நூர்பர்க்ரிங் பந்தயப் பாதை வரை போய் வருவது, வழியிலேயே இந்த உதறல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது, இதுதான் எங்கள் திட்டம். எனக்கு இரண்டாவது காரியத்தில்தான் ஆசை அதிகம்.

போன வசந்தத்தில் வண்டிக்கு இரண்டு வேலை நடந்திருக்கிறது. கிளட்ச் மாற்றினார்கள், புது டயர் போட்டார்கள். உதறல் அதற்குப் பிறகு வந்ததுதான். 944-இல் கிளட்ச் மாற்றுவது பெரிய வேலை. இன்ஜின் முன்னால் இருக்கும், கியர்பாக்ஸ் பின் அச்சோடு இருக்கும். எடையை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிக்கச் செய்த ஏற்பாடு. இரண்டையும் இணைப்பது வண்டியின் நடுவே ஓடும் நீளமான இரும்புக் குழாய். அதற்குள் பேரிங்குகளில் சுழலும் மெல்லிய தண்டு. கிளட்சைத் தொட வேண்டுமானால் இந்தக் குழாயைப் பின்னுக்குத் தள்ளியாக வேண்டும். அதனால் வண்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் குழாயையே கைகாட்டினார்கள். உள்ளே பேரிங் போயிருக்கும், குழாயையே மாற்றிவிடலாம் என்று ஒரு பட்டறை மதிப்பீடும் எழுதிக் கொடுத்துவிட்டது. தொகையைப் பார்த்துவிட்டு அண்ணனின் மனைவி இரண்டு நாள் பேசவில்லையாம். டயர்களை யாரும் சந்தேகப்படவில்லை. பேலன்ஸிங் மெஷினில் நாலு சக்கரமும் பூஜ்யம் காட்டின.

"பெரிய வேலை செய்த இடத்திலதான் பெரிய பிழை இருக்குமெண்டு எல்லாரும் நினைக்கினம். எனக்கு மனம் ஒப்பேல்லை," என்றார் அண்ணன்.

எனக்கும் ஒப்பவில்லை. உதறும் வண்டியில் கையை வைப்பதற்கு முன்னால், அந்த உதறல் எதன் வேகத்தோடு கூடவே ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். காரில் சுற்றும் பொருள்கள் இரண்டு கூட்டம். கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் எல்லாம் இன்ஜினின் வேகத்தில் சுற்றும். சக்கரம், ஹப், பிரேக் டிஸ்க், பின் அச்சுத் தண்டுகள் எல்லாம் சாலை வேகத்தில் சுற்றும். முன்னால் இன்ஜினும் அதை ஒட்டியே கியர்பாக்ஸும் வைத்து, பின் சக்கரங்களை ஓட்டும் சாதாரண வண்டியில் நடுத்தண்டு கியர்பாக்ஸுக்குப் பின்னால் வரும். ஆகவே அது சாலைக் கூட்டத்தில் சேரும். 944-இல் நடுத்தண்டு கியர்பாக்ஸுக்கு முன்னால் இருப்பதால் இன்ஜின் கூட்டத்தில் சேர்கிறது. மதிப்பீடு எழுதியவர் இந்த ஒரு விவரத்தை நினைத்துப் பார்த்திருந்தால், ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும்.

பின்னால் வண்டி இல்லாத ஒரு நீட்டத்தில் பார்த்தோம். ஐந்தாவது கியரில் 120. இன்ஜின் ஊசி 3000-ஐ ஒட்டி நின்றது. உதறல் இருந்தது. நாலாவதுக்கு இறக்கி அதே 120-ஐப் பிடித்தார். ஊசி மேலே ஏறியது. உதறலில் மாற்றமே இல்லை. பிறகு நியூட்ரலில் போட்டு கிளட்சையும் விட்டார். இப்போது இன்ஜினும் குழாய்க்குள் இருக்கும் தண்டும் ஐட்லிங் வேகத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. கார் தன் போக்கில் உருண்டது. உதறல் அதே அளவில், அதே இடத்தில் இருந்தது.

"அப்ப குழாய் தப்பீட்டுது," என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வழியில் நெக்கார்சுல்ம் ஊருக்குள் வண்டியைத் திருப்பினோம். 944-களைப் போர்ஷேவுக்காக ஒன்றுசேர்த்தது இந்த ஊரில் இருக்கும் ஆடியின் தொழிற்சாலைதான். அதற்கு முன் இது என்எஸ்யூ நிறுவனத்தின் கோட்டை. பழைய மாளிகையில் இருசக்கர வண்டிகளுக்கும் என்எஸ்யூவுக்குமான அருங்காட்சியகம் இருக்கிறது. அதிர்வைப் பற்றி யோசிப்பவனுக்கு இது புண்ணியத் தலம் என்றே சொல்வேன். 1967 முதல் 1977 வரை இங்கே கட்டப்பட்ட ரோ 80 காரில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனே கிடையாது. வாங்கல் இன்ஜினில் முக்கோண ரோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டம் அவ்வளவு வழவழப்பு. ஆனால் ரோட்டாரின் முனைகளில் இருக்கும் சீல்கள் சீக்கிரம் தேய்ந்து அந்த நிறுவனத்துக்குப் பெரும் செலவு வைத்தன.

அதே ஊரில் பின்னால் வந்த 944 எதிர்த்திசையில் போனது. பெரிய பெரிய நாலு பிஸ்டன்களை வைத்துக்கொண்டு அவற்றின் ஆட்டத்தை இன்னொரு ஆட்டத்தால் அணைத்தது. வரிசையாக நிற்கும் 4 சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். பார்த்தால் கணக்கு சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து போவதால், மேல் பாதியில் பிஸ்டன் ஓடும் வேகமும் கீழ்ப் பாதியில் ஓடும் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த மிச்சம், கிராங்க் ஒரு முறை சுற்றுவதற்குள் இரண்டு முறை வண்டியை உதைக்கும். பிஸ்டன் பெரிதாக ஆக உதையும் பெரிதாகும். கிராங்கின் இரு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றும் இரண்டு எடைத்தண்டுகளை வைத்தால் உதை அடங்கிவிடும் என்று வழி சொன்னவர் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர். தண்டுகளை ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வைக்கும் அமைப்புக்கு ஜப்பானின் மிட்சுபிஷி காப்புரிமை வைத்திருந்தது. போர்ஷே அதற்கு உரிமத்தொகை கட்டி வாங்கிக்கொண்டது. தன் திறமையில் அவ்வளவு பெருமை உள்ள நிறுவனம், நல்ல தீர்வு வேறொருவரிடம் இருக்கிறது என்றதும் போய்ப் பணம் கட்டியதே, அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 944-இல் டைமிங் பெல்ட் மாற்றுபவர் இந்தத் தண்டுகளை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டாலும் இன்ஜின் நடுங்கும். அண்ணனின் வண்டியில் அந்தக் கோளாறு இல்லை. நிறுத்திவைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தோம். கடைசி வரை நடுக்கமில்லாமல் ஏறியது.

அங்கிருந்து ஏ6 பிடித்து மேற்கே போனால் வீஸ்லோக். இங்கே ஒரு மருந்துக்கடை உண்டு. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு மூன்று சக்கர மோட்டார் வண்டியை ஓட்டிப்போனார். சுமார் 100 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் அதற்கு முன் யாரும் மோட்டார் வண்டியில் போனதில்லை. எரிபொருள் தீர்ந்தபோது லிக்ரோயின் என்ற கறைநீக்கும் திரவத்தை வாங்கியது இந்த மருந்துக்கடையில்தான். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். அந்தப் பயணத்தைக் காதல் கதைபோலச் சொல்பவர்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை, ஓடும் சாலையிலேயே பழுதைக் கண்டுபிடித்து அங்கேயே தீர்த்த முதல் சோதனை ஓட்டுநர் அவர். கடை வாசலில் காபி குடித்தபடி அண்ணன் அங்கே இருக்கும் பெர்த்தாவின் நினைவுச் சின்னத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாக்கன்ஹைம் தாண்டி ஏ61-இல் ஏறினோம். ரைன் நதிக்கு மேற்கே, வடக்கு நோக்கி நீளும் சாலை, லாரிகளின் ராஜ்ஜியம். என் கைப்பேசியை இருக்கையின் அடியில், தரையோடு டேப் போட்டு ஒட்டினேன். உள்ளே இருக்கும் முடுக்கமானி நடுக்கத்தை அளந்து, நொடிக்கு எத்தனை முறை என்று கோடு வரைந்து காட்டும். அண்ணனின் முன் டயர் 205/55 ஆர்16. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.93 மீட்டர் உருளும். 120 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 33.3 மீட்டர், அதாவது 17 சுற்றுக்குச் சற்று மேல். திரையில் எழுந்த முள்ளும் 17-இல்தான் நின்றது. கான்கிரீட் போட்ட ஒரு பகுதியில் 6-க்கும் 7-க்கும் நடுவில் இன்னொரு முள் முளைத்தது. அது சாலையின் பலகை இணைப்புகள் கொடுக்கும் தட்டு. தார் வந்ததும் மறைந்துவிட்டது. 17 மட்டும் போகவில்லை. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

140-க்கு மேல் ஏன் அடங்குகிறது என்று அண்ணன் கேட்டார். சக்கரமும் ஹப்பும் பிரேக்கும் சேர்ந்த தொகுதி, ஒரு பக்கம் டயரின் நெகிழ்வுக்கும் மறுபக்கம் ஸ்பிரிங்குக்கும் நடுவே தொங்குகிறது. அதற்கென்று ஓர் இயல்பான ஆட்ட வேகம் உண்டு. பொதுவாக நொடிக்கு 10 முதல் 15 முறை. பக்கச்சுவர் குட்டையான டயர் போட்ட ஸ்போர்ட்ஸ் காரில் இன்னும் கொஞ்சம் மேலே. சக்கரத்தின் சுற்று அந்த எண்ணைத் தொடும்போது சின்னக் குறைகூடப் பெரிதாகத் தெரியும். தாண்டிப் போனால் குறை போய்விடாது. கைக்குத் தெரியாது, அவ்வளவுதான். வேகமாகப் போனால் சரியாகிவிடுகிறது என்று விட்டுவிடுபவர்கள் டயரையும் பேரிங்கையும் ஸ்டீயரிங் மூட்டுகளையும் சத்தமில்லாமல் தின்னக் கொடுக்கிறார்கள்.

இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய துப்பு பிங்கன் ஊரை நெருங்கும்போது வந்தது. நேரான சாலையில் 120-இலேயே நிற்கும்போது உதறல் ஒரே அளவில் இருக்கவில்லை. வளர்ந்தது, தேய்ந்தது, மறுபடி வளர்ந்தது. ஒரு வளைவைத் தாண்டினால் அந்த ஏற்ற இறக்கத்தின் இடம் மாறியது. தம்புராவில் இரண்டு தந்திகள் சுருதி சேராமல் மயிரிழை விலகி நிற்கும்போது நாதம் அலை அலையாக வருமே, அதே கணக்கு. ஒரு சக்கரத்தில் மட்டும் குறை என்றால் உதறல் சீராக இருக்கும். இரண்டு சக்கரங்களில் குறை இருந்து, இரண்டும் துளி வேக வித்தியாசத்தில் சுற்றினால்தான் இப்படி அலையடிக்கும். ஒரு டயரில் காற்று சற்றே குறைவாக இருந்தாலும் அந்த வித்தியாசம் வந்துவிடும். நடுக்கம் இருக்கையைவிட ஸ்டீயரிங்கில் அதிகம். ஆகவே இரண்டு முன் சக்கரங்களும்தான்.

"ஆனா பேலன்ஸ் பாத்து பூச்சியமெண்டு காட்டினதே?"

"ஒவ்வொரு தடவை பேலன்ஸ் பார்த்து மாட்டின பிறகும் உதறல் ஒரே மாதிரி இருந்துச்சாண்ணா?"

யோசித்தார். "இல்லை. ஒருக்கா குறைஞ்சுது. ஒருக்கா கூடிச்சுது."

அதற்கு மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. மெஷினில் சரியாக இருக்கும் சக்கரம் வண்டியில் மாறுகிறது என்றால், மாட்டும் இடத்தில்தான் ஏதோ நழுவுகிறது.

மோசெல் ஆற்றின் மேல் 1972-இல் திறந்த பாலம், 136 மீட்டர் உயரம், 935 மீட்டர் நீளம். கீழே செங்குத்துச் சரிவுகளில் திராட்சைக் கொடிகள், பொம்மைபோல ஒரு படகு. பிறகு வேர் என்ற இடத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஐஃபல் மலைக்குள் நுழைந்தோம். நூர்பர்க்ரிங்கின் வடக்குப் பாதை 1927-இல் திறந்தது, 20.8 கிலோமீட்டர், காட்டுக்குள் ஏறி இறங்கும் 73 வளைவுகள். பாதைக்குக் கீழே அடெனாவ் என்ற சிற்றூர், மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள். பந்தயப் பாதையைப் பற்றித் தமிழில் எழுதவே தனிக் கட்டுரை வேண்டும். எங்கள் மனசு அப்போது அங்கே இல்லை.

அடெனாவ் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை. வயதான மெக்கானிக், கையில் எண்ணெய்க் கறை படிந்த துணி. நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பேலன்ஸிங் மெஷின் பக்கமே போகவில்லை. வண்டியைத் தூக்கி, காந்தப் பிடியில் டயல் கேஜைப் பொருத்தி, அதன் முனையை முன் இடது சக்கரத்தின் ரிம்மில், டயர் உட்காரும் உதட்டில் வைத்தார். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் ஏறியது, இறங்கியது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஏறிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை ஹப்போடு அரைச் சுற்று திருப்பி, தன் எடையில் தொங்க விட்டு, மறுபடி முடுக்கினார். இப்போது முள் ஏறிய இடம் கோட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் போய்விட்டது. ரிம் வளைந்திருந்தால் மேடு ரிம்மோடு ஒட்டியே இருக்க வேண்டும். அது இடம் மாறியதென்றால் சக்கரம் ஹப்பின் மேல் மையத்தில் உட்காரவில்லை.

சக்கரத்தைக் கழற்றினார். போர்ஷே ஹப்பின் நடு விட்டம் 71.6 மில்லிமீட்டர். பழைய சொந்தக்காரர் மாட்டியிருந்த வெளிச்சந்தை அலாய் வீலில் நடு ஓட்டை அதைவிடப் பெரியது. பல மாடல்களுக்குப் பொருந்தட்டும் என்று அப்படித்தான் செய்வார்கள். இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் வளையம் வேண்டும். இடது பக்கம் வளையமே இல்லை. வலது பக்கம் வெடித்த வளையத்தின் பாதி, துருப்பிடித்த ஹப்போடு ஒட்டிக் கிடந்தது. வசந்தத்தில் டயர் மாற்ற சக்கரங்களைக் கழற்றிய இடத்தில் ஒன்று கீழே விழுந்திருக்க வேண்டும், யாரும் தேடவில்லை.

பேலன்ஸிங் மெஷின் சக்கரத்தின் நடு ஓட்டையைத் தன் கூம்பால் பிடித்துக்கொள்கிறது. அதற்கு வளையம் தேவையில்லை. அதனால்தான் பூஜ்யம். வண்டியிலோ சக்கரம் அரை மில்லிமீட்டர் தொங்கிய நிலையில் இறுக்கப்பட்டது. டயரோடு சேர்த்து 18 கிலோ எடையுள்ள சக்கரம் அரை மில்லிமீட்டர் விலகினால், ரிம்மில் 45 கிராம் ஈயத்தைத் தவறான இடத்தில் ஒட்டியதற்குச் சமம். 120-இல் அது நொடிக்கு 17 முறை, சுமார் 10 கிலோ எடையின் விசையோடு இழுக்கும். 5 கிராம் குறையைக்கூடப் பிடிக்கும் மெஷினைத் தாண்டி இவ்வளவு பெரிய பிழை வந்தது இப்படித்தான்.

அன்று சனிக்கிழமை மாலை. வளையம் விற்கும் கடை எதுவும் திறந்திருக்காது. மூலையில் ஒரு பழைய லேத் நின்றது. அண்ணன் அதையும் மெக்கானிக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் தலையசைத்தார். அலுமினிய உருளைத் துண்டு ஒன்று கிடைத்தது. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஹப்பையும் வீல் ஓட்டையையும் வெர்னியரால் திரும்பத் திரும்ப அளந்தார். பிறகு சுருள் சுருளாக வெள்ளிச் சீவல் விழ ஆரம்பித்தது. கடைசிச் சீவலுக்கு அவர் கைப்பிடியைத் திருகியது கண்ணுக்கே தெரியவில்லை. வளையத்தை ஹப்பில் வைத்தபோது தட்டவும் இல்லை, ஆடவும் இல்லை; விரலால் அழுத்த வழுக்கி உள்ளே போனது. மெக்கானிக் ஜெர்மனில் ஒரே ஒரு சொல் சொன்னார். அண்ணனின் காது சிவந்துவிட்டது.

ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அலுமினியம் ஒட்டிப் பிடிக்காதபடி லேசாக மசகு தடவினார்கள். சக்கரம் தரையைத் தொடாதபோதே நட்டுகளைக் கையால் உட்காரவைத்து, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சில் 130 நியூட்டன்-மீட்டர். டயல் கேஜின் முள் இப்போது அசைந்தும் அசையாமல் நின்றது.

மறுநாள் ஏ61-இல் 120-ஐத் தொட்டபோது அண்ணன் ஸ்டீயரிங்கை இரண்டே விரலால் பிடித்திருந்தார். திரையில் 17-இன் முள் சாலை இரைச்சலுக்குள் கரைந்துபோயிருந்தது. மோசெல் பாலம் வந்தது, போனது. நாங்கள் ஒன்றும் பேசவில்லை. 944 ஓடினால் எப்படி ஓடும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மாற்றங்களில் ஜெர்மன் சட்டம் கறாரானது என்பதால், ஊருக்குத் திரும்பியதும் வீல் செய்த நிறுவனத்தின் வளையங்களையே வரவழைத்து மாட்டினார். தான் கடைந்தவை அவர் மேசை மேல் இருக்கின்றன.

நம்மூரிலும் கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு வெளி அலாய் வீல் போடுபவர்கள் ஏராளம். டயர் மாற்றிய பிறகு வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உதறினால், பேலன்ஸிங் சீட்டை மட்டும் நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். சக்கரத்தைக் கழற்றச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். நடு வளையம் இருக்கிறதா, ஹப்பில் துரு ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே நட்டுகளைக் கையால் உட்காரவைக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை இறுக்கத்தைச் சரிபாருங்கள். அதுவரை எந்தப் பெரிய பாகத்துக்கும் பணம் கட்ட வேண்டாம்.